இருபது எண்ணினால் ஒன்று

சிவகாசியில் மழை வர வேண்டும் என்று சாமியிடம் கேட்டவன் அந்த வருஷம் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். மழை பெய்தால் இங்கே எதுவும் காயாது. வெடிமருந்து காயாது, காகிதக் குழாய் காயாது, அச்சடித்த லேபிள் காயாது. காயாவிட்டால் வேலை இல்லை. மேகம் கறுத்தாலே ஊர் முகமும் கறுத்துவிடும். நான் மட்டும் ஜன்னல் ஓரம் நின்று, இன்னும் ஒரு வாரத்துக்கு விடாமல் பெய் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் அக்காவின் குரலைப் பதிய வேண்டியிருந்தது.

நான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொடுப்பவன். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு புஸ்வாணப் பூச்சட்டி எவ்வளவு உயரம் பூக்கும் என்பது அந்தப் பூச்சட்டிக்கே தெரியாது, அதை நான் முடிவு செய்வேன். அதற்காக வீட்டு முன்னறையில் ஒரு மெஷின் வைத்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்துவிட்டு கிராபிக்ஸ் கார்டை மட்டும் பெரிதாக வாங்கிப் போட்டிருந்தேன். அரைச் செங்கல் கனம், இரண்டு காற்றாடி. ஒரு தீப்பொறியின் ஓரத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் படம் திணறாமல் வழுக்கிக்கொண்டு போகும். மற்ற டிசைனர்கள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார்கள். அந்த மௌனத்தில் எனக்கு அப்படி ஒரு பெருமை. நான் இங்கே சொல்லப்போகிற கேடு அத்தனைக்கும் அந்தப் பெருமைதான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அத்தான் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அறை வெடித்தது. உயிர் தப்பியது, இரண்டு கண்ணும் போயின. அதற்குப் பிறகு அவருக்கு வழி சொன்னது அக்காவின் குரல்தான். “படி இருக்கு, பாத்து.” “தம்ளர் வலது கைப்பக்கம் இருக்கு.” “குனிங்க, துணி காயுது.” காலையில் பேப்பர் வாசித்துக் காட்டுவாள். செய்தியை வாசிப்பதோடு நிற்க மாட்டாள். அதில் வருகிற பெரிய மனிதர்களை ஒவ்வொருவராக வைது முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்புவாள். அத்தான் செய்திக்காக உட்கார்ந்திருப்பவர் மாதிரித் தெரிய மாட்டார். அந்த வசவுக்காகத்தான் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பொட்டல் இருக்கிறது. புதுச் சரக்கு பெட்டிக்குப் போகும் முன்னால் அதில் நாலைந்தை எடுத்து அந்தப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். அதைச் சாம்பிள் என்போம். எங்களுக்கெல்லாம் அது காக்கா கத்துகிற மாதிரி, காதிலேயே ஏறாது. அத்தானுக்கு மட்டும் ஒவ்வொரு வெடிக்கும் தோள் தூக்கிப் போடும். மனசு பயப்படவில்லை மாப்ள, உடம்புதான் பயப்படுது என்பார். தூக்கிப் போட்ட உடனே அக்கா எங்கே இருந்தாலும், அடுப்படியில் இருந்தாலும் குழாயடியில் இருந்தாலும், குரல் கொடுப்பாள்.

“ஒண்ணுமில்லங்க, சாம்பிள்தான்.”

பன்னிரண்டு வருஷமாக ஒரு வெடிக்கும் அவள் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

வைகாசியில் அவளுக்குத் தொண்டை கட்டியது. சுக்கு, மிளகு, அதிமதுரம் என்று எல்லாம் பார்த்து, பிறகு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குரல்வளையையே எடுத்தாக வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். பிறகு ஏதோ கருவி வைத்துக் கொஞ்சம் பேசப் பழகலாம், ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது என்றும் சொன்னார். ஆபரேஷனுக்குப் பதினைந்தாவது நாள் தேதி கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், விருதுநகர் தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“நான் செத்துப் போனாக்கூட அவுக எப்படியாச்சும் இருந்துக்கிடுவாகலே,” என்றாள். “பக்கத்துலயே இருந்துக்கிட்டுப் பேசாம இருந்தா என்ன செய்வாக? நான் இருக்கேனா இல்லையான்னே தெரியாதே.”

பதில் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கிற புத்தி எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. “ஒன் குரல நான் பதிஞ்சு வச்சுத் தாரேன்க்கா. ரேடியோவுல வர்ற மாதிரி சுத்தமா,” என்றேன்.

அவள் மடியிலிருந்த என் போனைக் காட்டினாள். “இதுலயே பேசிரட்டுமா?”

“போன்ல பதிஞ்சா தகர டப்பாவுக்குள்ள பேசுன மாதிரி இருக்கும். அத்தான் காது என்ன சாதாரணக் காதா? நம்மகிட்ட மெஷின் இருக்கு. கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டாப் போதும்.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை அன்று பஸ்ஸில் ஆரம்பித்தது.

மறுநாள் மறுபடி மதுரைக்குப் போய், ஒரு பழைய சவுண்டு கார்டும் மைக்கும் வாங்கி வந்தேன். பாட்டுப் பதிகிறவர்கள் வைத்திருந்த கார்டு, காது கூசாத சத்தம் வரும் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து கேபினட்டைத் திறந்தேன். என் மதர்போர்டில் அந்தப் பழைய கார்டு பொருந்துகிற ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒட்டினாற்போல. இரண்டு கார்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி போகிற இடம்கூட இல்லை. அமுக்கினேன். உட்கார்ந்தது. மெஷினைப் போட்டேன். காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாக இருந்தது.

இரண்டு நாள் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். அழிரப்பர் வைத்துத் தேய்த்தேன். தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தால், “ரெண்டு கார்டுக்கும் ஒத்துக்கிடலையோ என்னமோண்ணே” என்று மாமியார் மருமகள் விவகாரம் மாதிரிச் சொன்னார். அக்கா தினமும் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் திருப்புளியோடு தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்குக் குரல் தெளிவாக இருந்ததே காலை பத்து மணி வரைதான். பிறகு கரகரப்பு ஏறிவிடும். அந்த இரண்டு காலையையும் நான் அழிரப்பரில் தேய்த்துத் தீர்த்தேன்.

மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, திரையின் வயரை மதர்போர்டிலேயே இருக்கிற ஓட்டையில் சொருகினேன். திரை வந்துவிட்டது. மைக்கை வைத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று நானே பேசிப் பதிந்து பார்த்தேன். அப்படியொரு சுத்தம். என் குரல் எனக்கே பிடித்துவிட்டது. அன்று வெளியே நல்ல மழை. அக்கா நனைந்துகொண்டு வர வேண்டாம், நாளைக்கு ஆரம்பிப்போம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் அன்று வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது.

சீசன் நேரம். ஒரு கம்பெனியின் ஆர்டர் பாதியில் நின்றது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் லேபிள் வேலை நடக்காது. அன்று சாயங்காலமே அதை மறுபடி அழுத்தி உட்கார வைத்தேன். இந்தத் தடவை இரண்டும் ஒத்துக்கொண்டு திரையும் வந்தது. முதலில் கறுப்பாகக் கிடந்ததற்குக் காரணம், சவுண்டு கார்டை அமுக்கும்போது கிராபிக்ஸ் கார்டு ஒரு நூல் மேலே எழும்பிவிட்டதுதான். ஆக, இரண்டு நாளைக் கொடுத்து ஒரு நூலைக் கண்டுபிடித்தேன்.

அடுத்த நாள் வெயில். அக்கா தலை சீவி, பொட்டு வைத்து, போட்டோ பிடிக்க வருகிறவள் மாதிரி வந்தாள். என்ன பேசுவது என்பதில் வீட்டில் ஒரு சண்டையே நடந்திருந்தது. பேப்பரை வாசி என்றாராம் அத்தான். ஒரே பேப்பரை ஆயுசுக்கும் கேட்பீகளா என்று இவள் கேட்டிருக்கிறாள். அப்படியானால் என்னை வைகிறதையாவது பதிந்து வை என்றாராம். கடைசியில் எல்லாவற்றையும் பேசுவது என்று முடிவாயிற்று. அவள் என் அறைச் சுவரில் ஒட்டியிருந்த லேபிள்களை ஒன்று விடாமல் வாசித்தாள். கை தூரத்தில் வைத்துப் பற்றவைக்கவும் என்பதை வாசித்துவிட்டு, “இதச் சொல்லத்தான் ஆளு இருக்கு, கேக்கத்தான் ஆளு இல்ல” என்றாள். அத்தான் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜியை எண்ணி எண்ணித் தின்றதைச் சொன்னாள். கருவாட்டுக் குழம்புக்கு எப்போது புளி விட வேண்டும் என்று சொன்னாள். நடுவில் பொட்டலில் ஒரு சாம்பிள் வெடித்தது. அவள் பேச்சை நிறுத்தி, கதவுப் பக்கம் திரும்பி, “ஒண்ணுமில்லங்க, சாம்பிள்தான்” என்றாள்.

“அக்கா, அத்தான் இங்கன இல்ல.”

“வாய் தானாச் சொல்லுதுலே.”

அன்று மத்தியானம் போட்டுக் கேட்டேன். அக்கா குரல் அப்படியே இருந்தது. ஆனால் அங்கங்கே டப், டப் என்று ஒரு சத்தம். திரையில் அவளுடைய பேச்சு மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டு போக, நடுநடுவே ஊசி மாதிரி ஒரு கோடு நின்றது. வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அந்த நிமிஷமே மெஷினில் என்ன கோளாறு என்று பார்த்திருப்பான். நான் சிவகாசிக்காரன். டப் என்று கேட்டால் எனக்கு வெடிதான். ஜன்னலைத் திரும்பிப் பார்த்து, பொட்டலை வைதேன். மழையன்று பதிந்தது சுத்தமாக இருந்ததே, மழையில் யார் வெடிப்பார்கள், அதனால்தான் என்று எனக்கு நானே சாட்சியும் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தினேன். சுவரெல்லாம் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கினேன். கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்தேன். மூன்று நாள் இப்படி. அக்கா அந்தப் புழுக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து பேசினாள். டப் நிற்கவில்லை. பொட்டலுக்கே போய் போர்மேனிடம் முறையிட்டேன். விஷயத்தைக் கேட்டு அவர் இரக்கப்பட்டு, காலையில் வெடிக்க மாட்டோம், மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்கிறோம் என்றார். மறுநாள் பதிந்ததிலும் டப். வேகமாகப் போய் அவரிடம் சண்டை போட்டேன்.

“தம்பி, இன்னைக்குக் காலையில நாங்க ஒண்ணுகூட வெடிக்கலையே.”

“அப்ப யாரு வெடிச்சா? வானத்துலருந்து விழுந்துச்சா?”

“ஊர்ல நாங்க மட்டுமா கம்பெனி வச்சிருக்கோம்?” என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது. எந்த நேரமும் எங்கேயாவது ஒருவன் ஏதாவது ஒன்றை வெடித்துக்கொண்டுதான் இருக்கிறான் இந்த ஊரில். ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் ஆக்கிவிட்டு வந்தேனே தவிர, என் அறையை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

அத்தான் தினமும் கேட்டார். “ஒரு தடவ போட்டுக் காட்டு மாப்ள. பாதி முடிஞ்சிருக்கும்ல.”

“முழுசா முடிச்சிட்டுக் கேளுங்கத்தான்.”

வெடிச் சத்தத்தோடு அவரிடம் கொடுத்தால் தோள் தூக்கிப் போடுமே, அதைச் சுத்தம் செய்துவிட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, குறையுள்ள சரக்கைக் காட்ட எனக்கு வெட்கம். என் தொழிலில் முதல் பாடமே, ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு ப்ரூஃப் அடித்துக் காட்டாமல் அச்சு மெஷினில் ஏற்றாதே என்பதுதான். ஒரு எழுத்துப் பிழைக்குப் பயந்து ராக்கெட் பெட்டிக்கு மூன்று தடவை ப்ரூஃப் காட்டுகிறவன், அத்தானுக்கு ஒரு தடவை காட்டவில்லை.

மத்தியானங்களில் உட்கார்ந்து வெட்டினேன். சில இடங்களில் வெட்டுவது சுலபமாக இருந்தது. வெடிச் சத்தம் கேட்டதும் அக்கா பேச்சை நிறுத்திவிடுவாள், “ஒண்ணுமில்லங்க, சாம்பிள்தான்” என்பாள், பிறகு விட்ட இடத்தில் தொடருவாள். அந்த வெடி, அந்த வாசகம் இரண்டையும் சேர்த்துக் கத்தரித்து எறிந்தால் முன்னும் பின்னும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். வேறு சில இடங்களில் டப் சொல்லுக்கு நடுவிலேயே விழுந்திருந்தது. புளி என்பதில் புவுக்கும் ளிக்கும் நடுவில். அதை எடுத்தால் சொல்லும் போய்விடும். அவற்றை ஒன்றும் செய்ய முடியாமல் விட்டேன். ஏன் சில வெடிக்கு நிறுத்துகிறாள், சில வெடிக்கு நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. தொண்டை வலியில் சிலதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் ஒன்றைக்கூட விடாதவள்.

“அந்த சாம்பிள்தான், சாம்பிள்தான்னு சொல்றத மட்டும் நிறுத்துக்கா. வெட்டி வெட்டிக் கை வலிக்குது,” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

அவள் அடிபட்ட மாதிரிப் பார்த்தாள். “சரிலே,” என்றாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதிய ஆரம்பித்த எட்டாவது காலையில் அவள் குரல் ஒன்பது மணிக்கே கம்மியது. ஒன்பதாவது காலையில் காற்றுதான் வந்தது. மழையும் வரவில்லை. மறுநாள் மதுரைக்குப் புறப்பட்டோம். போகும்போது அத்தான் வாசல்வரை வந்து நின்றார். அவள் ஏதோ சொன்னாள். அவர் காதை அவள் வாயோடு ஒட்டி வைத்துக் கேட்டார். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். உயிர் இருக்கிறது, அது பெரிய விஷயம், அதற்கு நன்றி இல்லாதவன் இல்லை நான். ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அத்தான் எங்கேயாவது இடித்துக்கொள்ளப் போனால் இரண்டு கையையும் தட்டுவாள். தட்டினால் நில் என்று அர்த்தம். எதற்காக நிற்க வேண்டும், படியா, தூணா, துணிக்கொடியா என்று கையால் சொல்ல முடியவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நிற்பார், அவள் ஓடிவந்து கையைப் பிடிப்பாள். பேப்பர் வாசலில் விழுந்தபடியே கிடந்தது. ஒருநாள் நான் வாசித்துக் காட்டினேன். கால் பக்கத்தில் அவர், “போதும் மாப்ள, ஒனக்கு வேல கெடக்கும்” என்றார்.

மறுநாள் ஒரு பென்டிரைவில் அக்காவின் குரலைப் போட்டு, அதைச் சொருகிக் கேட்கிற சின்ன ரேடியோப் பெட்டியோடு போனேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். போட்டேன்.

அவள் குரல் அந்த அறைக்குள் வந்ததும் அவர் முகம் இருந்த இருப்பை நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்குத் தெரியாது. அக்கா அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். பஜ்ஜி எண்ணிய கதை வந்தபோது சிரித்தார். பிறகு ஒரு டப். தோள் தூக்கிப் போட்டது. இன்னொன்று. மூன்றாவதற்கு முன்னாலேயே அவர் விரல்கள் முழங்காலில் தட்ட ஆரம்பித்திருந்தன. நாலாவது டப்புக்குப் பிறகு கையைத் தூக்கினார். நிறுத்தினேன்.

“இது என்னது மாப்ள?”

“வெடிதான். எம்புட்டோ பாத்தேன், முழுசா எடுக்க முடியல. பொறுத்துக்கிடுங்க.”

“வெடி இல்ல மாப்ள.”

“வெடிதான்.”

“எனக்கா சொல்லித் தார?” கோபமில்லாமல்தான் சொன்னார். “வெடின்னா பின்னாலயே ஒரு முழக்கம் போகும். இது மொட்டையா நிக்கிது. அதோட, எண்ணிப் பாரு, இருபது எண்ணுனா ஒண்ணு வருது. எந்தக் கம்பெனிக்காரன் மணி பாத்து வெடிப்பான்?” பெட்டியின் பக்கம் கையை நீட்டினார். “எல்லாத்துக்கும் மேல, வெடிச்சிருந்தா இவ சொல்லியிருப்பால்ல? ஒண்ணுக்காச்சும் சொன்னாளா, பாரு. சொல்லலையே. அப்ப அது எப்படி வெடியாகும்?”

“சொன்னா அத்தான். நாந்தான் வெட்டிட்டேன்.”

“எத?”

“வெடிச்ச எடத்துல எல்லாம் சொன்னா. வெடியையும் அதையும் சேத்து வெட்டிட்டேன்.”

சொல்லி முடித்தபோது எனக்கு விளங்கிவிட்டது. நிஜமாக வெடித்த ஒவ்வொன்றுக்கும் அவள் சொல்லியிருக்கிறாள். அதையெல்லாம் எறிந்துவிட்டேன். அவள் சொல்லாமல் விட்டவை அந்த அறையில் நடக்கவே இல்லை. அவை மெஷினுக்குள் நடந்தவை. அவற்றை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

“எல்லாத்தையுமா வெட்டுன?” என்றார்.

“எல்லாத்தையும்.”

“ஒண்ணுகூட இல்லையா?”

வீட்டுக்கு ஓடினேன். லேபிள் படங்கள் கனமானவை, இடத்தை அடைக்கும். வேண்டாததை அன்றன்றைக்கே அடியோடு அழித்துவிடுவது என் பழக்கம். ஒவ்வொரு போல்டராகத் தேடினேன். ஒரு கால்வாசி வாசகம், “ஒண்ணும்” என்பதுகூட எங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தேன்.

பிறகு மைக்கைப் போட்டு, பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவின் கோடு திரையின் வலது ஓரம்வரை போகும். ஓரத்தைத் தொட்டதும் திரை அடுத்த பக்கத்துக்குத் திரும்பும். திரும்புகிற அந்த நொடியில் ஊசி மாதிரி ஒரு கோடு. எண்ணினேன், இருபது. என் பெருமைக்குரிய கிராபிக்ஸ் கார்டு அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதற்காக, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சவுண்டு கார்டைக் கண் சிமிட்டும் நேரம் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த இடைவெளிதான் டப். கார்டைக் கழற்றி, மழை நாளில் செய்த மாதிரி திரையின் வயரை மாற்றிச் சொருகினேன். கால் மணி நேர வேலை. பதிந்து பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. எதிரே அக்கா உட்கார்ந்து பேசிய நாற்காலி, அட்டைப்பெட்டிச் சுவருக்கு நடுவே காலியாக இருந்தது. நான் அன்று அழுதேன். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்த டப்புகளையாவது எடுத்துத் தருகிறேன் என்று அத்தானிடம் போனேன். “வேணாம் மாப்ள. நீ கத்தரியத் தொடாத,” என்றார். இப்போது அவர் தினமும் காலையில் பேப்பர் நேரத்துக்கு அந்தப் பெட்டியைப் போட்டுக் கேட்கிறார். விரல் முழங்காலில் எண்ணிக்கொண்டே இருக்கும். பதினெட்டு, பத்தொன்பது வரும்போது தோளை இறுக்கிக்கொள்வார். டப் போனதும் தளர்த்துவார். அக்காவும் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டாள். பத்தொன்பதில் அவள் கை அவர் முழங்காலுக்குப் போய்விடும்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது பெட்டி ஓடவில்லை. மூன்று பேரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். பின்னால் பொட்டலில் ஒரு சாம்பிள் வெடித்தது. முழக்கத்தோடு, நிஜ வெடி. அத்தானுக்குத் தோள் தூக்கிப் போட்டது. முகம் தானாக அக்கா இருந்த பக்கம் திரும்பியது. அக்காவின் உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது. கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்து போனது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“ஒண்ணுமில்ல அத்தான், சாம்பிள்தான்,” என்றேன்.

“அது எனக்குத் தெரியும் மாப்ள. என்னைக்கும் தெரியும்,” என்றார். முகத்தை மட்டும் அவள் பக்கமே வைத்திருந்தார்.